வலது இருக்கையில் உஷா

1951-ஆம் ஆண்டு சென்னை மாநில அரசு தனக்கென்று ஒரு விமானம் வாங்கியது. இங்கிலாந்தின் டி ஹாவிலாண்ட் கம்பெனி செய்த 'டவ்' ரகம். இரட்டை எஞ்சின், உள்ளே எட்டுப் பத்துப் பேர் உட்காரலாம். வாங்கியாயிற்று, ஊருக்குக் கொண்டுவர வேண்டுமே. லண்டனுக்குப் போய் அதை எடுத்துக்கொண்டு வானவழியே திரும்பியவர்கள் இருவர். ஒருவர் கேப்டன் வி. சுந்தரம். பக்கத்தில் துணை விமானியாக உட்கார்ந்திருந்தவர் அவருடைய மனைவி உஷா சுந்தரம். லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரம். பிஸ்டன் எஞ்சின் விமானம் ஒன்று அந்தத் தூரத்தை அவ்வளவு விரைவில் கடந்தது அன்றைக்குச் சாதனை.

அப்போது மாநிலத்தின் முதல்வர் ராஜபாளையத்துக்காரர், பூ. ச. குமாரசாமி ராஜா. மதுரையிலிருந்து அவருடைய ஊருக்குப் போகிற சாலை கப்பலூரைத் தாண்டித் திருமங்கலத்தில் மேற்கே பிரியும். இன்று அதே கப்பலூரில் நான்குவழிச் சாலையும் சுங்கச்சாவடியும் தொழிற்பேட்டையும் வந்துவிட்டன. ரிங் ரோட்டில் கிழக்கே திரும்பினால் ஏழெட்டுக் கிலோமீட்டரில் பெருங்குடி விமான நிலையம். அங்கே இறங்கும் விமானத்தை ஒரு பெண் ஓட்டி வந்தால் இப்போது யாரும் அதைச் செய்தியாக எழுதுவதில்லை. அது செய்தி இல்லாமல் போவதற்கு எழுபது எண்பது ஆண்டுகள் பிடித்தன.

இந்தியப் பெண்கள் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டது வெகு சீக்கிரம். அதை ஒரு வேலையாகப் பார்த்துச் சம்பளம் வாங்க அவர்களை விட்டதோ வெகு தாமதம். 'முதல் பெண் விமானி' யார் என்று பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் உரிமம் கிடைத்த நாளோடு கதையை முடித்துவிடுகிறார்கள். உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள், அவர்களை யார் வேலைக்கு எடுத்தார்கள், யார் மறுத்தார்கள் என்று பார்த்தால் கதை வேறு மாதிரிப் போகிறது.

உலகத்தில் விமான ஓட்டுநர் உரிமம் பெற்ற முதல் பெண் பிரான்சைச் சேர்ந்த ரேமண்ட் டி லரோஷ். 1910 மார்ச் 8-ஆம் தேதி பிரெஞ்சு ஏரோ கிளப் அவருக்கு 36-ஆம் எண் உரிமத்தைக் கொடுத்தது. அதே மார்ச் மாதத்தில் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்ற ஓட்டல் முதலாளி தானே வடிவமைத்த ஏரோப்ளேனைப் பறக்கவிட்டார். அதைக் கட்டிக்கொடுத்தது மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனி. தமிழ்நாட்டு வானில் விமானம் ஏறிய காலமும் பெண் கையில் உரிமம் ஏறிய காலமும் ஒன்றுதான். விமானம் நம் ஊருக்குப் பிந்தி வந்தது, அதனால்தான் நம் பெண்களும் பிந்தினார்கள் என்று சொல்ல முடியாது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அடுத்த சில ஆண்டுகளில் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இங்கிலாந்தில் 1911-இல் உரிமம் வாங்கிய ஹில்டா ஹியூலெட் தன் மகனுக்கே விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவன் பிறகு கடற்படை விமானியானான். அமெரிக்காவின் ஹாரியட் குவிம்பி 1912 ஏப்ரல் 16 அன்று ஆங்கிலக் கால்வாயைத் தனியாகக் கடந்தார். முந்தின நாள்தான் டைட்டானிக் மூழ்கியிருந்தது. பத்திரிகைகளில் அவருக்கு இடமே மிஞ்சவில்லை. கறுப்பினப் பெண் என்பதால் அமெரிக்காவில் எந்தப் பயிற்சிப் பள்ளியும் சேர்க்காத பெஸ்ஸி கோல்மன், பிரெஞ்சு மொழியைக் கற்று, பிரான்சுக்குக் கப்பலேறி, 1921-இல் அங்கே உரிமம் வாங்கினார்.

இவர்கள் எல்லோருக்கும் எதிரே இருந்த சுவர் ஒன்றுதான். அதைச் சட்டமாகவே எழுதிவைத்தார்கள். 1924-இல் வான்வழிப் போக்குவரத்துக்கான சர்வதேச ஆணையம் பெண்களுக்கு வணிக விமானி உரிமம் கூடாது என்று முடிவெடுத்தது. தன் செலவில் பொழுதுபோக்காகப் பறக்கலாம். அதற்கு 'ஏ' உரிமம். பயணியையோ தபாலையோ ஏற்றிக்கொண்டு கூலிக்குப் பறக்க 'பி' உரிமம் வேண்டும். அது ஆணுக்கு மட்டும். மாதவிடாய் நாட்களில் பெண்ணின் கை தடுமாறும் என்பது காரணம். அயர்லாந்தைச் சேர்ந்த லேடி ஹீத் இதை விடவில்லை. மாதவிடாய் நாட்களில் சோதனைக்கு உட்பட்டு, பறந்து காட்டினார். 1926-இல் தடை நீங்கியது. பிரிட்டனில் வணிக உரிமம் பெற்ற முதல் பெண்ணும் அவரே ஆனார்.

சட்டம் விலகியதே தவிரப் பழக்கம் விலகவில்லை. அமெரிக்காவில் 1934-இல் ஹெலன் ரிச்சி என்ற பெண்ணை ஒரு விமானக் கம்பெனி துணை விமானியாக எடுத்தது. விமானிகள் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. வானிலை நன்றாக இருக்கும் நாளில் மட்டும் ஓட்டச் சொன்னார்கள். ஒரு வருடத்துக்குள் அவர் வேலையை விட்டார். அதற்கப்புறம் அந்த நாட்டின் பெரிய விமானக் கம்பெனிகள் ஒரு பெண்ணை மறுபடி விமானி அறையில் உட்காரவைக்க 1973 ஆயிற்று. 'ஏ'-க்கும் 'பி'-க்கும் இடையில் கிடந்த இந்தப் பள்ளத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்தியாவுக்கு வரலாம்.

1930 மே மாதம் ஏமி ஜான்சன் என்ற இருபத்தாறு வயதுப் பெண் லண்டனுக்குப் பக்கத்தில் கிராய்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகக் கிளம்பினார். வக்கீல் ஆபீசில் தட்டச்சு வேலை பார்த்தவர். விமான எஞ்சினைப் பழுதுபார்க்கும் உரிமமும் வைத்திருந்தார். ஓட்டிவந்தது பழைய ஜிப்ஸி மாத் விமானம்: மரச் சட்டம், அதன்மேல் இழுத்துப் போர்த்திய துணி, திறந்த இருக்கை. கராச்சியில் இறங்கி அலகாபாத்துக்குப் பறக்கும் வழியில் எரிபொருள் தீர்ந்து, ஜான்சியில் ராணுவ முகாமின் அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். இறக்கையில் அடி. அங்கேயே சரிபார்த்துக்கொண்டு அலகாபாத், கல்கத்தா, ரங்கூன் என்று போய் மே 24 அன்று டார்வினில் இறங்கினார். ஏழு ஆண்டு கழித்து உலகத்தைச் சுற்றக் கிளம்பிய அமீலியா இயர்ஹார்ட்டும் கராச்சி, கல்கத்தா வழியாகத்தான் போனார்.

இரண்டு பாதையும் வடக்கே. லண்டனையும் ஆஸ்திரேலியாவையும் இணைக்கும் ஏகாதிபத்தியத்தின் வான்தடத்தில் தென்னிந்தியாவுக்கு இடமில்லை. தெற்குக்கு விமானத்தைக் கொண்டுவந்தது தபால்தான். 1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய் வரைக்கும் ஓட்டிவந்த தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தார். 1938-இல் அந்தத் தடம் திருச்சியைத் தொட்டுக் கொழும்புக்கு நீண்டது. மதுரை அதிலும் இல்லை. பறக்கக் கற்க வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் இருந்தது ஒரே இடம்: 1930-இல் தொடங்கிய மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப். கிளப்பில் சேரக் கட்டணம், மணிக்கணக்கில் பறக்கக் கட்டணம், இதெல்லாம் கட்டி நகரத்தில் தங்கும் வசதி. மதுரைச் சமவெளியில் பிறந்த ஒரு பெண்ணுக்கு அன்று விமானம் எட்டாமல் இருந்ததற்குத் துணிச்சல் குறைவு காரணம் இல்லை. ரயில் டிக்கெட் தொடங்கிக் கிளப் சந்தா வரை அத்தனையும் காரணம்.

இந்தியாவில் 1932-இலேயே ஊர்மிளா பாரிக் 'ஏ' உரிமம் வாங்கிவிட்டார். ஆனாலும் ஊரறிந்த பெயர் சரளா துக்ராலுடையது. டில்லியில் 1914-இல் பிறந்து, பதினாறு வயதில் பி. டி. சர்மா என்ற விமானியை மணந்தவர். கணவர் வீட்டில் விமானிகள் பலர். சர்மா தபால் விமானம் ஓட்டினார். மருமகளை லாகூர் ஃப்ளையிங் கிளப்பில் சேர்த்துவிடுவதில் மாமனார் முன்னின்றார் என்பதைச் சரளாவே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1936-இல், இருபத்தொரு வயதில், நான்கு வயது மகளுக்குத் தாயாக இருந்தபோது, சேலை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத்தில் ஏறித் தனியாகப் பறந்தார். பயிற்சியாளர் உட்காரும் முன் இருக்கை காலியாக இருக்க, பின் இருக்கையிலிருந்து ஓட்டும் விமானம் அது. பிறகு ஆயிரம் மணி நேரம் பறந்தார்.

அதே 1936-இல் கப்பலூரில் கருமுத்து தியாகராசச் செட்டியாரின் நூற்பாலை உருவாயிற்று. திருமங்கலம் கரிசலில் விளைந்த பருத்திக்கு ஊருக்குள்ளேயே ஆலை. இப்பக்கத்துக் குடும்பங்களுக்கு 'மெஷின் வேலை' என்பது அந்தத் தலைமுறையில்தான் பழக்கமானது. எந்திரமும் மாதச் சம்பளமும் கிராமத்துக்குள் வந்த காலத்தில்தான் லாகூரில் ஒரு பெண் எந்திரத்தோடு வானில் ஏறினார். சம்பளம் மட்டும் அவருக்கு வரவில்லை.

வந்திருக்கக்கூடும். 1939-இல் சர்மா விமான விபத்தில் இறந்தார். இருபத்து நான்கு வயதில், இரண்டு பெண் குழந்தைகளோடு விதவையான சரளா, ஜோத்பூருக்குப் போய் 'பி' உரிமத்துக்குப் பயிற்சி எடுக்கத் தொடங்கினார். பிழைப்புக்காகப் பறக்க வேண்டும் என்ற முடிவு அது. இரண்டாம் உலகப் போர் மூண்டது. பொதுமக்களுக்கான விமானப் பயிற்சியை நிறுத்தினார்கள். லாகூருக்குத் திரும்பி மேயோ கலைப் பள்ளியில் ஓவியம் படித்தார். பிரிவினையில் டில்லிக்கு வந்து, நகை வடிவமைப்பும் துணியில் அச்சு வேலையுமாக நல்ல பெயர் எடுத்தார். அவர் வாழ்க்கையைத் தோல்வி என்று யாரும் சொல்ல முடியாது. ஆயிரம் மணி நேரம் பறந்த ஒருவருக்கு அந்தத் தொழிலில் ஒரு மாதச் சம்பளம்கூட வராமல் போனதை மட்டும் ஏன் நாம் வியப்புச் செய்தியின் கடைசி வரியில் சாதாரணமாகக் கடந்துபோகிறோம்?

போர் மதுரைக்கு ஒரு விமானத் தளத்தைக் கொண்டுவந்தது. 1942 வாக்கில் ஊருக்குத் தெற்கே பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய ஓடுபாதைதான் பின்னாளில் மதுரை விமான நிலையமானது. அதே போர் இங்கிலாந்தில் பெண்களுக்குக் கதவு திறந்தது. தொழிற்சாலையிலிருந்து போர் விமானங்களைப் படைத் தளங்களுக்கு ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்க்கும் துணை அமைப்பில் 1940 ஜனவரியில் எட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். பிறகு நூற்றுக்கும் மேற்பட்டோர். 1943-இல் அவர்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் கிடைத்தது. ஏமி ஜான்சன் அந்த வேலையில் இருந்தபோதுதான் 1941 ஜனவரியில் தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்து இறந்தார். இந்தியாவில் 1942-இல் மகளிர் துணைப்படை தொடங்கியது. எழுத்து வேலை, தந்தி, தொலைபேசி எல்லாம் இருந்தன, விமானி வேலை இல்லை.

போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் விட்டுப்போன டக்கோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றை வாங்கி ஊருக்கொரு விமானக் கம்பெனி முளைத்தது. அலகாபாத்தில் பறக்கக் கற்ற பிரேம் மாத்தூர் 1947-இல் வணிக உரிமம் வாங்கினார். 'பி' உரிமத்தோடு கதவைத் தட்டிய முதல் இந்தியப் பெண். எட்டுக் கம்பெனிகள் மறுத்தன. பெண் ஓட்டினால் பயணிகள் ஏற மாட்டார்கள் என்றார்கள். ஐதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் அவரைத் துணை விமானியாக எடுத்துக்கொண்டது. 1949-இல் தேசிய விமானப் பந்தயத்தில் முதலிடம் பிடித்தார். தனி விமானத்தின் பொறுப்பை ஏற்கத் தேவையான மணி நேரங்களை அவர் நிறைவு செய்த பிறகும் கம்பெனி அவரைக் கேப்டனாக்கவில்லை. வெறுத்துப்போய் டில்லிக்குப் போனார். ஜி. டி. பிர்லாவின் சொந்த விமானத்தை ஓட்டினார்.

இந்தச் சூழலில்தான் உஷாவின் இடத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

1924-இல் பிறந்தவர். 1941-இல் திருமணம். கணவர் சுந்தரம் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பில் பயிற்சி கொடுத்தவர். பிறகு மைசூர் மகாராஜாவின் விமானி. போருக்குப் பிறகு குடும்பம் பெங்களூரில். இருபத்திரண்டு வயது வாக்கில் உஷா கணவரோடு துணை விமானியாகப் பறக்கத் தொடங்கினார். மகாராஜாவின் டக்கோட்டாவை அவசரக் காரியங்களுக்கு இந்திய அரசும் கேட்டு வாங்கிக்கொண்டது. ஜவஹர்லால் நேரு, வல்லபபாய் பட்டேல், ராஜேந்திர பிரசாத் ஆகியோரை இந்தத் தம்பதி ஏற்றிச்சென்றார்கள். சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைக்கப் பட்டேல் அலைந்த நாட்கள் அவை. பிரிவினைக் கலவரத்தில் பாகிஸ்தான் பக்கம் சிக்கிக்கொண்டவர்களை மீட்டுவந்த விமானப் பயணங்களிலும் உஷா இருந்தார்.

டக்கோட்டா சின்னப் பொம்மை விமானம் கிடையாது. முழுச் சுமையோடு பன்னிரண்டு டன் எடை. இறக்கையிலும் வாலிலும் உள்ள மடல்களைத் திருப்பும் கம்பிகள் விமானியின் கை, கால் பலத்தால் மட்டும் அசையும். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய லாரியை மலைப்பாதையில் ஓட்டுவது போன்ற வேலை. பெண்ணுக்கு உடல்வலு போதாது என்று பேசியவர்களுக்கு உஷா வாதம் எதுவும் செய்யத் தேவைப்படவில்லை. நாட்டின் பிரதமர் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

சில ஆண்டுகள் பறந்து பழகிய பிறகு முறைப்படியும் படித்தார். பெங்களூருக்கு வடக்கே ஜக்கூரில் 1948-இல் தொடங்கிய அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949-இல் தேறிய முதல் பெண் அவர். அப்போது வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். ஒரு பள்ளியின் பதிவேட்டில் 'முதல்' என்று வந்த அந்தப் பெயருக்கு முன்னால் எத்தனை மணி நேர வானம் இருந்தது என்பதை அந்தப் பதிவேடு சொல்லாது.

இரண்டாண்டு கழித்து லண்டன் பயணம். டவ் விமானம் ஒரே மூச்சில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் போகும். லண்டனிலிருந்து பம்பாய் நேர்கோட்டிலேயே 7,000 கிலோமீட்டருக்கு மேல். இறங்கி எண்ணெய் நிரப்பி ஏறி, மறுபடி இறங்கி ஏறி வர வேண்டும். கீழே ஐரோப்பா, மத்தியதரைக்கடல், பாலைவனம், அரபிக்கடல். இன்றைய செயற்கைக்கோள் வழிகாட்டி எதுவும் அன்றில்லை. வரைபடம், திசைகாட்டி, ரேடியோ, கடிகாரம். இப்படிப்பட்ட தடத்தில் துணை விமானிக்கு ஓய்வு இருக்காது. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் வழியைக் கணக்கிடுவார், எரிபொருளைக் கணக்கிடுவார், ரேடியோவில் பேசுவார். கேப்டன் கண் அயரும்போது விமானமே அவர் கையில். வலது இருக்கைக்காரர் இல்லாமல் அந்த 27 மணி நேரம் இல்லை.

இருந்தும் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலரும் 'விமானித் தம்பதி' என்று ஒரு சொல்லில் உஷாவை மடித்து வைத்துவிடுகிறார்கள். அன்றைய உண்மை அதற்குள் ஒளிந்திருக்கிறது. சரளாவுக்கும் சரி, உஷாவுக்கும் சரி, வானத்துக்கான வழி கணவர் வீட்டின் வழியாகத்தான் போனது. கணவர் விமானியாக இருந்தால் கற்கலாம். கணவர் ஓட்டும் விமானத்தில் இடம் உண்டு. அந்த வழி இல்லாத பிரேம் மாத்தூர் எட்டுக் கதவுகளைத் தட்ட வேண்டியிருந்தது; திறந்த ஒரே கதவும் பாதிதான் திறந்தது. உஷாவின் திறமை இதனால் ஒரு நூலளவும் குறைவதில்லை. அதே திறமையோடு, வீட்டில் ஒரு விமானி இல்லாமல் இருந்த பெண்கள் எத்தனை பேர் என்ற கேள்விதான் கனக்கிறது.

பின்னாளில் இந்தக் குடும்பம் சென்னையில் குடியேறியது. 1959 மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை கேப்டன் சுந்தரம் வீட்டுக்குத் தூக்கிவந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'புளூ கிராஸ் ஆஃப் இந்தியா'. தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து கட்டுப்படுத்தும் திட்டத்தை 1964-இலேயே முன்வைத்தது அந்த அமைப்பு. உஷாவின் மகன் சின்னி கிருஷ்ணா அதன் முகமாக இருந்தார். அமைப்பைத் தொடங்கியவர்களில் உஷாவும் ஒருவர். 2010-இல் அவர் காலமானார். சென்னையில் அவரை அறிந்தவர்களில் பலருக்கு அவர் நாய்களைக் காப்பாற்றிய அம்மா. வானத்தில் அவர் இருந்த ஆண்டுகளைத் தெரிந்தவர்கள் குறைவு.

1953-இல் தனியார் விமானக் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கி, எட்டுக் கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் உருவாயிற்று. உள்நாட்டில் விமானம் ஓட்டி வாழ வேண்டுமென்றால் இனி அநேகமாக ஒரே முதலாளி, அரசாங்கம். இதைப் பெண் விமானிகளின் கதையில் யாரும் அதிகம் பேசுவதில்லை; பேச வேண்டும். பிரேம் மாத்தூருக்கு ஒன்பது கதவுகள் இருந்தபோது ஒன்றாவது திறந்தது. ஒரே கதவானபின் அதைத் தட்டித் திறப்பது எளிதாக இருக்கவில்லை. துர்பா பானர்ஜி ஆகாய அளவைக் கம்பெனி ஒன்றில் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவர். இந்தியன் ஏர்லைன்ஸில் சேர வேண்டும் என்று போய்க் கேட்டபோது விமானப் பணிப்பெண் வேலை தருகிறோம் என்றார்கள். எனக்குப் பறக்கத் தெரியும், விமானி வேலைதான் வேண்டும் என்று நின்றார். 1966-இல் எடுத்துக்கொண்டார்கள். 1988-இல் ஓய்வு பெறும்வரை 18,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தார். அவர் சேர்ந்த அடுத்த ஆண்டே, 1967-இல், சந்தா புதாபட்டி இந்தியப் பெண் விமானிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். ஹெலன் ரிச்சியைச் சங்கம் வெளியே தள்ளிய கதை தெரிந்தவர்களுக்கு அந்தச் சங்கத்தின் அருமை புரியும்.

1985 நவம்பரில் சௌதாமினி தேஷ்முக் கேப்டனாகவும் நிவேதிதா பாசின் துணை விமானியாகவும் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்கு ஒரு ஃபோக்கர் ஃப்ரெண்ட்ஷிப்பை ஓட்டிச்சென்றார்கள். பணியாளர்கள் அத்தனை பேரும் பெண்கள். நிவேதிதா தன் தொடக்க நாட்களைப் பற்றிச் சொன்ன ஒரு விவரம் உண்டு: பயணிகள் ஏறுவதற்குள் விமானி அறைக்குள் போய்விடும்படி உடன் பணியாற்றியவர்களே அவசரப்படுத்துவார்களாம், பெண் விமானியைப் பார்த்து யாரும் பயந்துவிடக் கூடாதே என்று. 1947-இல் எட்டுக் கம்பெனிகள் பிரேம் மாத்தூரிடம் சொன்ன அதே காரணம், நாற்பது வருடம் கழித்தும் அப்படியே இருந்தது. பயணிகள் பயந்து இறங்கிப்போனதாக ஒரு சம்பவத்தை மட்டும் யாரும் காட்டவில்லை. நிவேதிதா 1990-இல், 26 வயதில், ஜெட் விமானத்தின் கேப்டனானார்; அன்று உலகிலேயே அந்தப் பொறுப்பை ஏற்ற மிக இளைய பெண்.

படைக்குள் கதவு இன்னும் தாமதம். 1994 செப்டம்பரில் ஹரிதா கவுர் தியோல் இந்திய விமானப்படையின் ஆவ்ரோ விமானத்தைத் தனியாக ஓட்டினார். கான்பூரில் செய்த அந்த ரக விமானம் மதுரைக்காரர்களுக்குப் பழக்கமானது. இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோக்கள் பெருங்குடி ஓடுபாதைக்கு வந்துபோயிருக்கின்றன. இரண்டே ஆண்டில், 1996 டிசம்பரில், நெல்லூருக்குப் பக்கத்தில் நடந்த ஆவ்ரோ விபத்தில் ஹரிதா இறந்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது நெருக்கம்.

மதுரை விமான நிலையத்துக்கு 2010-இல் புதிய முனையம் வந்தது. 2012-இல் கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் கிளம்பியது. இன்று இந்திய விமானிகளில் ஏறத்தாழ 15 விழுக்காடு பெண்கள். உலகச் சராசரி அதில் பாதிகூட இல்லை. தனியார் கம்பெனிகள் பெருகி விமானிகளுக்குத் தட்டுப்பாடு வந்ததும், இரவுப் பணிக்கு வீட்டு வாசலிலிருந்தே வண்டி அனுப்புவதும், பிள்ளைப்பேற்றுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுப்பதும், தேர்வும் மணி நேரக் கணக்கும் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதும் அதற்குக் காரணங்கள். கூட்டுக் குடும்பத்தில் பாட்டியும் அத்தையும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. இருபத்திரண்டு வயதில் டக்கோட்டா ஓட்டிய உஷாவுக்கும் அது இல்லாமல் நடந்திருக்காது.

கணவர் விமானியாக இருந்தால்தான் வழி என்ற நிலை போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது பணம் வந்து நிற்கிறது. வணிக விமானி உரிமத்துக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும், மருத்துவத் தகுதி வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த மணி நேரங்களுக்குக் கட்டணம் கட்டி, தங்கி, தேர்வெழுதி, குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சியும் முடித்து வெளியே வரும்போது செலவு அரைக்கோடி ரூபாயைத் தாண்டிவிடுகிறது. வங்கி அந்தத் தொகைக்கு வீட்டுப் பத்திரம் கேட்கும், நிலப் பத்திரம் கேட்கும். கப்பலூரிலோ திருமங்கலத்திலோ அரசுப் பள்ளியில் கணிதப் பிரிவில் படிக்கும் ஒரு பெண் விமானியாக வேண்டுமென்று வீட்டில் சொன்னால், அவள் பெண் என்பதைப் பற்றி இன்று யாரும் அதிகம் பேசாமல் இருக்கலாம். அப்பா கேட்கிற முதல் கேள்வி எவ்வளவு ஆகும் என்பதாகத்தான் இருக்கும்.